ஒப்புக்குச் சப்பாணி

நம் தெரு விளையாட்டுகளில் ஒரு பதவி இருந்தது. அதற்குத் தேர்தல் கிடையாது, சம்பளம் கிடையாது. வயது வரம்பு மட்டும் உண்டு. அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு "நானும் வருவேன்" என்று வந்து நிற்கும் மூன்று வயதுக்காரனுக்கோ, நான்கு வயதுக்காரிக்கோ அந்தப் பதவியைக் கொடுப்பார்கள். 'ஒப்புக்குச் சப்பாணி' என்று அதற்குப் பெயர். சில தெருக்களில் அது 'உப்புக்குச் சப்பாணி' என்று திரிந்திருக்கும். சொல் முரட்டுச் சொல்தான். கால் ஊனமுற்றவரைக் குறிக்கும் வார்த்தையை அப்படி எடுத்தாண்டது அந்தக் காலத்து நாக்கின் குற்றம். ஆனால் அந்த முரட்டுச் சொல்லுக்குள்ளே இருந்த சட்டம் தங்கமான சட்டம். இந்தக் குழந்தையும் ஆட்டத்தில் சேர்த்தி. ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். பிடிபட்டாலும் பிடிபட்டதாகக் கணக்கில்லை. அதற்கு 'அவுட்' கிடையாது.

இந்தச் சட்டத்தை எந்தச் சட்டசபையும் நிறைவேற்றவில்லை. எட்டு வயதுப் பிள்ளைகள் தாங்களே இயற்றி, தாங்களே அமுல் நடத்தினார்கள். சின்னதை விட்டுவிட்டுப் போனால் அது அழும். அழுதால் அம்மா கூப்பிட்டுத் திட்டுவாள். ஆகவே சேர்த்துக்கொள், ஆனால் ஆட்டமும் கெடக்கூடாது. இதைவிடச் சாமர்த்தியமான சமரசம் ஒன்றைப் பெரியவர்கள் செய்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பதவியை இப்போது ரத்து செய்துவிட்டோம் என்பதுதான் என் புகார். ரத்து செய்தவர்கள் குழந்தைகள் அல்லர், நாம். ரத்து செய்த இடம் எது தெரியுமா? பிறந்த நாள் வீடு!

கோயமுத்தூரில் இன்று நடுத்தரக் குடும்பத்துக் குழந்தைக்கு நான்கு வயது நிறைகிறது என்றால் என்ன நடக்கிறது? காலையில் கோனியம்மன் கோயிலுக்கோ பேரூருக்கோ மருதமலைக்கோ போய் அர்ச்சனை. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மாலை ஆறு மணிக்கு வீட்டு மொட்டை மாடியிலோ, அடுக்கு வீடாக இருந்தால் கீழே உள்ள பொதுக் கூடத்திலோ, பலூன் வளைவு. கேக். அதற்குப் பிறகு, கையில் மைக்குடன் ஓர் இளைஞர். விளையாட்டு நடத்திக் கொடுப்பதற்கென்று கூலிக்கு அமர்த்தப்பட்டவர். பாட்டு நாற்காலி, எலுமிச்சம்பழமும் ஸ்பூனும், பலூன் உடைக்கும் போட்டி, காகிதக் கோப்பை அடுக்கும் போட்டி என்று அவரிடம் ஒரு வரிசை இருக்கிறது. நான்கு வயதுக்கும் அதே வரிசைதான், பதினான்கு வயதுக்கும் அதே வரிசைதான். பெரியவர்கள் சுற்றி நின்று டெலிபோனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள்.

பீளமேட்டுப் பக்கத்தில் அப்படி ஒரு வீட்டில் நானும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு குழந்தைகள், பதினொரு நாற்காலிகள். பாட்டு நின்றது. எல்லாக் குழந்தைகளும் உட்கார்ந்துவிட்டன. பிறந்த நாள் பையன் மட்டும் நின்றான். நாற்காலியைப் பார்த்து ஓட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. பாட்டு ஏன் நின்றது என்று பாட்டு வந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். மைக் இளைஞர் உற்சாகமாக "பர்த்டே பேபி அவுட்!" என்று அறிவித்தார். கூட்டம் கை தட்டியது. பையனின் முகம் கோணிற்று. "அழுவாத கண்ணு, ஸ்போர்ட்டிவா எடுத்துக்கோணும்" என்றார் தகப்பனார். அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த அம்மாயி மட்டும் எழுந்து போய் அந்த இளைஞரைக் கேட்டாள்:

"ஏந் தம்பி, பையன் பொறந்த நாளுக்குப் பையனையே வெளிய ஒக்கார வெச்சுப் போட்டீங்களே, இதென்ன நாயமுங்க?"

"ரூல்ஸுங்க ஆத்தா" என்றார் அவர்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வேலையை அவர் செய்தார். அந்த ரூல்ஸைக் காசு கொடுத்து வாங்கியவர்களிடம்தான் எனக்கு வழக்கு.

பாட்டு நாற்காலியின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு குழந்தைகள் என்றால் பதினொரு சுற்று. ஒரு சுற்றுக்கு 2 நிமிஷம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 22 நிமிஷம். முதலில் வெளியே போகும் குழந்தை 2 நிமிஷம் விளையாடுகிறது, 20 நிமிஷம் வேடிக்கை பார்க்கிறது. பன்னிரண்டு குழந்தைகளுக்கும் சேர்த்துக் கூட்டினால் 264 நிமிஷத்தில் 154 நிமிஷம் விளையாட்டு, 110 நிமிஷம் சும்மா உட்கார்ந்திருத்தல். அப்படிச் சும்மா உட்காருகிறவர்கள் யார்? கால் குட்டையானவர்கள், காது மந்தமானவர்கள், இடித்துத் தள்ளக் கூச்சப்படுகிறவர்கள், எல்லாரிலும் சிறியவர்கள். அதாவது, விளையாட்டு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கு அதைக் குறைவாகக் கொடுக்கிறது இந்த யந்திரம். மில் முதலாளி ஒருவர் தம் தறிகளில் நூற்றுக்கு நாற்பதை இப்படிச் சும்மா நிறுத்தி வைப்பாரா?

பழைய ஆட்டங்களைப் பாருங்கள். கண்ணாமூச்சியில் பிடிபட்டவன் என்ன ஆகிறான்? அடுத்த ஆட்டத்தில் அவன்தான் கண்ணைக் கட்டிக்கொள்கிறான். ஆட்டத்தின் நடுநாயகமே அவன்தான். பூப்பறிக்க வருகிறோம் ஆட்டத்தில் கோட்டுக்கு அப்பால் இழுக்கப்பட்டவள் என்ன ஆகிறாள்? எதிர் வரிசையில் கை கோத்து நின்று தொடர்ந்து ஆடுகிறாள். கட்சிதான் மாறிற்று, ஆட்டம் போகவில்லை. கொலை கொலையா முந்திரிக்கா ஆட்டத்தில் தன் முதுகுக்குப் பின்னே துணி விழுந்ததைக் கவனிக்காதவன் எழுந்து ஓட வேண்டியவனாகிறான். தோற்றவனுக்கு வேலை கொடுப்பது இந்த ஆட்டங்களின் இலக்கணம். தோற்றவனை வேலையிலிருந்து நீக்குவது பாட்டு நாற்காலியின் இலக்கணம். இரண்டும் விளையாட்டுத்தான், இரண்டும் கற்றுக்கொடுக்கும் பாடம் ஒன்றல்ல.

பழையது எல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. பம்பரத்தில் தோற்றவனுடைய பம்பரத்தை நடுவில் வைத்து ஆணியால் குத்தி ஆக்கர் வைத்ததும் நம் பிள்ளைகள்தாம். கோலியில் தோற்றவன் முழங்கை தேயத் தள்ளியதும் நம் தெருவில்தான். ஆனால் அவை பத்து வயதுக்கு மேற்பட்டவர்களின் ஆட்டங்கள். அங்கே சப்பாணிக்கு இடமில்லை என்று அந்தப் பையன்களுக்கே தெரியும். தேவநேயப் பாவாணர் சேலத்துக் கல்லூரியில் இருந்த காலத்தில், 1954-ல், 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்று ஒரு புத்தகம் எழுதினார். ஆண்பிள்ளைகள் ஆடுவது, பெண்பிள்ளைகள் ஆடுவது, இருபாலாரும் ஆடுவது என்று வகுத்து எழுதியிருக்கிறார். அத்தனை வகை இருந்ததற்குக் காரணம், எந்த வயதுக்கு எது, எந்த இடத்துக்கு எது என்று குழந்தைகள் தெரிந்து வைத்திருந்ததுதான். நம் மைக் இளைஞரிடம் ஒரே வரிசைதான் இருக்கிறது.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். அவர் மோட்டார் பம்பு செய்யும் பட்டறை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நீங்க கதை எழுதறவருங்க. ஒலகம் போட்டியிலதானுங்க நடக்குது. இந்த ஊரே போட்டி போட்டு வளந்த ஊரு. நாலு வயசுல தோக்கப் பழகாட்டி நாளைக்கு எப்புடிங்க சமாளிப்பான்?" என்பார்.

நியாயமான கேள்விதான். பதில் சொல்லுகிறேன். தோற்கப் பழக வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் தோல்வி என்றால் என்ன என்று புரிவதற்கு முதலில் ஆட்டம் என்றால் என்ன என்று புரிய வேண்டும். அமெரிக்காவில் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அம்மையார் இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் எப்படி விளையாடுகின்றன என்று கவனித்து 1932-ல் எழுதினார். மிகச் சிறியவை தனியாக விளையாடுகின்றன. அல்லது பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதது தன் ஆட்டத்தை ஆடுகின்றன. வயது ஏற ஏறத்தான் கூடி ஆடுவதும், வேலையைப் பிரித்துக்கொண்டு ஆடுவதும் அதிகமாகின்றன. கூடி ஆடவே இப்போதுதான் பழகுகிற குழந்தையைக் கூட்டத்திலிருந்து வெளியேற்றிக் காட்டுவது, நீந்தத் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு 'மூழ்கப் பழகு' என்பது போலத்தான். உங்கள் பட்டறையில் புதிதாக வந்த பையனுக்கு முதல் நாளே லேத்தைக் கொடுத்து, அவன் தப்பாகக் கடைந்தவுடன் மைக்கில் அறிவிப்பீர்களா, ஐயா?

அடுத்தது பரிசு. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பரிசு, வராதவருக்கு ஆறுதல் பரிசு, போகும்போது எல்லாருக்கும் ஒரு பதில் பரிசு. இந்தப் பதில் பரிசு எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மேல்நாட்டு வழக்கம் என்று சொல்லுகிறார்கள், இருக்கட்டும். ஆனால் நம் கொங்கு நாட்டில் அது இத்தனை சீக்கிரம் வேர் பிடித்ததற்குக் காரணம் மொய்ப் புத்தகம். இவர் வீட்டு விசேஷத்துக்கு அவர் செய்தது எவ்வளவு, அவர் வீட்டு விசேஷத்துக்கு இவர் செய்ய வேண்டியது எவ்வளவு என்று கணக்கு வைத்துப் பழகிய கை அல்லவா? கல்யாண வீட்டில் அந்தக் கணக்குக்கு ஓர் அர்த்தம் இருந்தது. கஷ்ட காலத்தில் கை கொடுக்கிற ஏற்பாடு அது. நான்கு வயதுக் குழந்தைகளுக்குள் என்ன கைம்மாற்று?

1973-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த குழந்தைப் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர். வர்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கனவே ஆசையுள்ள குழந்தைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினரிடம், "நீ வரைந்தால் உனக்குத் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த பத்திரம் கிடைக்கும்" என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்கு, எதிர்பாராமல் அதே பத்திரத்தைக் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாம் பகுதியினருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. சில நாள் கழித்து எல்லாரையும் சுயேச்சையாக விட்டுப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தன. பரிசு ஆசையை வளர்க்கவில்லை, தின்றுவிட்டது. மாண்டிசோரி அம்மையார் இதைச் சோதனைக்கு முன்பே சொன்னவர். தம் பள்ளியில் பரிசையும் தண்டனையையும் சேர்த்தே ஒழித்தவர் அவர். 1939-ல் அவர் அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் பெயர் வைத்த பள்ளியில் இடம் பிடிக்க ஆலாய்ப் பறக்கிறோம். வீட்டுக்கு வந்தவுடன் நான்கு வயதுக் குழந்தைக்கு வெற்றிக் கோப்பை வாங்கி வைக்கிறோம்!

கோயமுத்தூரில் அறிவுக்குப் பஞ்சமா என்றால் அதுவும் இல்லை. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன், குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதிகளில் ஒரு கலைக்களஞ்சியத்தை 1968-லிருந்து 1976-க்குள் தொகுத்துக் கொடுத்தவர். பெண்களுக்கு மனையியல் கற்பிக்க 1957-லேயே அவினாசிலிங்கம் கல்லூரி இங்கே எழுந்துவிட்டது. வயதுக்குத் தகுந்த விளையாட்டு குழந்தையின் உரிமை என்று 1989-ல் ஐக்கிய நாடுகள் சபை உடன்படிக்கை செய்தது. 1992-ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. சட்டம் தெரியும், சாஸ்திரம் தெரியும். பிறந்த நாளன்று மட்டும் எல்லாம் மறந்துபோகிறது. ஏனென்றால் அன்று நாம் குழந்தையைப் பார்ப்பதில்லை, விருந்தாளிகளைப் பார்க்கிறோம்.

"சரி, வேறு என்னதான் செய்ய? அடுக்கு வீட்டில் தெருவா இருக்கிறது, வாசலா இருக்கிறது?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். தொட்டிக்கட்டு வீடும் ஆசாரமும் திண்ணையும் போய்விட்டன, ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் பன்னிரண்டு நாற்காலி போட இடமிருந்தால் அந்த நாற்காலிகளை எடுத்துவிட்டு விளையாடவும் இடமிருக்கிறது.

முதலில் எண்ணிக்கை. குழந்தையின் வயதோடு ஒன்றைக் கூட்டி அத்தனை பேரைக் கூப்பிடு என்று மேல்நாட்டுத் தாய்மார்களிடம் ஒரு வழக்கு உண்டு. நம் ஊரில் அது நடவாது. ஐந்து குழந்தைகளைக் கூப்பிட்டால் ஆறாவது வீட்டோடு ஆறு வருஷம் பேச்சுவார்த்தை நின்றுபோகும். ஆகையால் விளையாட்டை வேறாகவும் விருந்தை வேறாகவும் வையுங்கள். குழந்தைகள் நாலரை மணிக்கு வரட்டும். பங்காளிகளும் மாமன் மைத்துனர்களும் ஆறு மணிக்கு வரட்டும். குழந்தை மதியம் தூங்கி எழுந்திருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் நான்கு வயதுக்குத் தாராளம்.

வருகிற குழந்தைக்கு வந்தவுடன் கையில் ஒரு வேலை வேண்டும். மொட்டை மாடித் தரையில் கோலப் பொடியும் சுண்ணக்கட்டியும் போதும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. பின்னால் வருவது பக்கத்தில் உட்கார்ந்து தன் கோட்டை இழுக்கும். பிறகு ஒரு பெரிய தாம்பாளத்தில் மணலைப் பரப்பிக் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம். மணல் கரையில் ஒரு குச்சியை ஒளித்து வைத்து, எங்கே இருக்கிறது என்று இரண்டு கையாலும் பொத்திச் சொல்ல வேண்டும். கண்டுபிடித்தாலும் சிரிப்பு, பிடிக்காவிட்டாலும் சிரிப்பு. அப்புறம் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு ரயில். அப்புச்சி முன்னால் நின்று என்ஜின் ஆகட்டும், வீடு முழுவதும் ஸ்டேஷன் ஆகட்டும். போத்தனூரிலே காப்பி, மேட்டுப்பாளையத்திலே பிஸ்கோத்து. பெரிய குழந்தைகள் இருந்தால் பூப்பறிக்க வருகிறோம். கடைசியில் எல்லாரும் வியர்த்து ஓய்ந்தபின், உட்கார்ந்து ஒரு கதை. அதற்கும் அப்புறம் கேக்.

பாட்டு நாற்காலி இல்லாமல் முடியவே முடியாது என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த டெர்ரி ஆர்லிக் என்ற மனோதத்துவ நிபுணர் 1978-ல் எழுதிய புத்தகத்தில் அதைத் திருப்பிப் போட்டுக் காட்டியிருக்கிறார். பாட்டு நிற்கும், ஒரு நாற்காலியை எடுத்துவிடுவார்கள், ஆனால் ஒரு குழந்தையையும் எடுக்க மாட்டார்கள். இருக்கிற நாற்காலிகளில் எல்லாக் குழந்தைகளும் மடிமேல் மடியாக ஏறி ஒட்டிக்கொள்ள வேண்டும். நாற்காலி குறையக் குறையச் சிரிப்பு கூடும். கெட்டியான நாற்காலியாகப் பார்த்துப் போட்டு, ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றால் சரி. நம் டவுன் பஸ்ஸில் தினமும் நடப்பதுதானே இது!

இரண்டொரு ஜாக்கிரதை. மூன்று வயதுக்குட்பட்டது கூட இருந்தால் புளியங்கொட்டையும் சோழியும் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும். உடைந்த பலூன் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் மூச்சை அடைத்துவிடும். உடைந்தவுடன் பொறுக்கி எறிந்துவிடுங்கள். எரிகிற மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் டப்பாவிலிருந்து நுரையைப் பீய்ச்சுகிற வேடிக்கையை அடியோடு விடுங்கள். அந்த நுரையைத் தள்ளும் வாயு தீப்பிடிக்கக் கூடியது.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இத்தனையும் சொன்னேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். பிறந்த நாள் வீட்டின் சமையற்கட்டு வாசலில் இன்னொரு குழந்தை நிற்கும். பாத்திரம் தேய்க்க வந்த அம்மாளின் குழந்தை. அன்றைக்கு வேலை அதிகம், வீட்டில் விட்டுவரவும் ஆளில்லை, கூட்டி வந்திருப்பாள். அது நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு பலூனையே பார்க்கும். அதற்கு ஒரு தட்டில் கேக் போய்ச் சேர்ந்துவிடும், நாம் தர்மவான்கள். ஆனால் ஆட்டத்தில் சேர்க்க மாட்டோம். மைக் இளைஞரின் பட்டியலில் அதன் பெயர் இல்லை, பரிசுப் பொட்டலமும் எண்ணித்தான் வாங்கியிருக்கிறது. நம் குழந்தை பாட்டு நின்றபின் வெளியே போனது. அந்தக் குழந்தை பாட்டு ஆரம்பிக்கும் முன்பே அவுட்.

தெருவில் ஆடிய எட்டு வயதுக்காரர்கள் ஜாதி பார்த்தார்கள், சண்டை போட்டார்கள், பொய் சொன்னார்கள்; அவர்கள் தேவதைகள் அல்லர். ஆனாலும், ஓரத்தில் நின்று பார்க்கிற சின்னக் குழந்தையை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர்களிடம் ஒரு பதில் இருந்தது. நம்மிடம் கேக் இருக்கிறது, மைக் இருக்கிறது, படம் பிடிக்கும் டெலிபோன் இருக்கிறது. அந்தப் பதில் இல்லை.

அடுத்த பிறந்த நாளுக்கு ஆள் அமர்த்துவதற்கு முன் அந்தப் பழைய பதவியை மறுபடி ஏற்படுத்துங்கள். முரட்டுப் பெயர் வேண்டாமென்றால் வேறு நல்ல பெயராக வையுங்கள். முதல் நியமனம் பிறந்த நாள் குழந்தைக்கு. இரண்டாவது நியமனம் சமையற்கட்டு வாசலில் நிற்பதற்கு. மற்ற பத்துப் பேரும் நான்கு வயதுக்காரர்களாகவே இருந்தால், அவர்களுக்கும்தான்!